இரண்டடி தூரம்

ஆகஸ்டு 3, வியாழன்

பியூலாவின் நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கர் சரியாக வேலை செய்கிறது. ஆதாரம்: இன்று காலை 11.20க்கு மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், இரண்டாம் பக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் மாவட்டச் செய்தி எழுதியவன். ஓய்வுக்குப் பிறகும் அதே பத்திரிகைக்கு ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். உறுதியானது முதலில், ஆதாரத்தோடு. உறுதியாகாதது கடைசியில். இந்த நோட்டிலும் அப்படியே.

அவளுடைய சொந்தத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. டாக்டர் வாய்மொழியாகச் சொன்னது: "சில நேரம் அதுவும் வரல சார். இனிமே அவங்க எழுந்து நடக்கிறதே இந்தக் கருவியை நம்பித்தான்." இடது தோள் எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவு மேடு. அதிலிருந்து ஒரு வயர் இதயத்துக்குள் போகிறது.

தாளின் கீழே ஒன்பது குறிப்புகள். ஏழாவது: இண்டக்ஷன் அடுப்பு எரியும்போது குறைந்தது இரண்டு அடி தள்ளி நிற்கவும்.

அதைப் படித்தபோது நானும் மகள் ஷெரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அந்த அடுப்பு மட்டும்தான். ஜூலை 9ஆம் தேதி பியூலா முதல் முறை மயங்கி விழுந்தபோது கேஸ் அடுப்பில் பால் இருந்தது. பால் பொங்கித் தீ அணைந்தது. கேஸ் அணையவில்லை. நான் வந்தபோது வாசலிலேயே வாடை. அதற்குப் பிறகுதான் ஷெரின் கோயம்புத்தூரிலிருந்து இண்டக்ஷன் அடுப்பு வாங்கி அனுப்பி, சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். அம்மாவின் பாதுகாப்புக்காக.

"சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று டாக்டர் முன்னிலையில் சொன்னேன். பியூலா சிரித்தாள். தையல் வலித்ததால் பாதியில் நிறுத்தினாள்.

ஆகஸ்டு 4, வெள்ளி

அடுப்பு மேடையிலிருந்து இரண்டடி டேப் வைத்து அளந்தேன். எங்கள் சமையலறை எட்டுக்கு ஆறு. தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடு ஒட்டினேன். அடுப்பு எரியும்போது பியூலா கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே அவளுக்கு ஒரு நாற்காலி.

அடுப்போடு வந்த கையேட்டை இரண்டு முறை படித்தேன். தனி பிளக்கில் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடாது. அடியில் காகிதமோ துணியோ விரிக்கக் கூடாது, காற்றுத் துளை அடைபடும். பாத்திரத்தின் அடி தட்டையாக, காந்தம் ஒட்டுவதாக இருக்க வேண்டும், வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். பாத்திரத்தை எடுத்த பிறகும் கண்ணாடி சுடும்.

பியூலா மேடையில் விரித்திருந்த என் பத்திரிகையின் ஞாயிறு மலரை உருவி எடுத்தேன்.

"பால் பொங்குனா உறிஞ்சட்டும்னு போட்டேன். அது ஒண்ணுக்குத்தான் ஒங்க பேப்பர் ஒதவுது" என்றாள்.

நடைமுறை: காலை ஒன்பதுக்குள் சமைத்துவிடுவேன். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புவேன். ஒன்றரைக்கு வருவேன். சேர்ந்து சாப்பிடுவோம்.

ஆகஸ்டு 6, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த பதினோரு பாத்திரங்களில் காந்தம் ஒட்டியவை நான்கு. மீதி அலுமினியம், பித்தளை.

சாதம் வந்தது, கஞ்சி வடித்தேன். சாம்பாரும் வந்தது. தாளிப்பு வரவில்லை. பியூலாவின் தாளிப்புக் கரண்டி முழு இரும்பு, பிடியும் இரும்பு. அதை வட்டத்தில் வைத்தேன். அடுப்பு கத்திவிட்டு அணைந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி கத்தியது.

"அதுக்கு இந்தக் கரண்டி கண்ணுக்குத் தெரியலங்க" என்றாள் நாற்காலியிலிருந்து. "அடி சின்னதுல்லா. ஏதோ பாத்திரம் இருக்குன்னே அதுக்குப் படல."

"அப்ப எப்படித் தாளிக்க?"

"நீங்க தள்ளுங்க, நான் ஒரு நிமிஷத்துல..."

"கோடு."

"கோடு கோடுன்னு. கலெக்டர் ஆபீஸ் வாசல்லகூட இம்புட்டுக் காவல் கெடையாது."

கடைசியில் சாம்பார் வைக்கும் பாத்திரத்திலேயே முதலில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டு, அதன் மேலேயே பருப்பை ஊற்றிவிட்டேன். கடுகு பாதி வெடித்தது, பாதி கருகியது. பியூலா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாட்ட குறை சொன்னதுக்குத் தண்டனை" என்றாள்.

ஆகஸ்டு 9, புதன்

சாம்பார். உப்பு குறைவு. மீதி நிறைய.

ஆகஸ்டு 11, வெள்ளி

தையல் பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது (ஆதாரம்: வார்டு சிஸ்டர்). பியூலா எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறாள். "பசிக்கல" என்கிறாள்.

ஆகஸ்டு 14, திங்கள்

இன்று சாம்பார் நன்றாக இருந்தது. மணம் வாசலிலேயே வந்தது. பியூலா இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை படிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டு 15, செவ்வாய்

வ.உ.சி. மைதானத்தில் கொடியேற்றம். எழுதி அனுப்பினேன். மதியம் தயிர்சாதம்.

ஆகஸ்டு 19, சனி

குழம்புப் பாத்திரத்தைத் தொட்டபோது விரலில் சுரீரென்றது. இரண்டு முறை. உடனே சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கிரில் பட்டறை இசக்கிமுத்துவைக் கூப்பிட்டேன். பட்டறை வைப்பதற்கு முன்பு அவர் வயரிங் வேலை பார்த்தவர்.

மூன்று துளை பிளக்பாயிண்டைத் திறந்து காட்டினார். மேல் துளையில் வயரே இல்லை.

"பாத்தியளா அண்ணாச்சி? ஓட்டை மட்டும் வச்சிருக்கான். எர்த் இல்ல. யார் போட்ட வயரிங் இது?"

"வீடு கட்டும்போது போட்டது."

"அவன் இருந்தா கூட்டிட்டு வாங்க, இந்தப் பானையைத் தொடச் சொல்லலாம்."

பச்சை வயர் இழுத்து, பின்பக்கம் குழி தோண்டிக் குழாய் இறக்கி, மாலை நான்குக்கு முடித்தார். சோதனை விளக்கு வைத்துப் பார்த்தோம். கசிவு இல்லை. கிளம்பும்போது கோட்டைப் பார்த்து, "அக்காவ ஜாமீன்ல விட்டிருக்கியளோ?" என்று கேட்டார். பியூலா நெடுநேரம் சிரித்தாள்.

ஆகஸ்டு 22, செவ்வாய்

சாம்பார் மிக நன்றாக வந்தது. பெருங்காய மணம் தூக்கலாக இருந்தது. பெருங்காயம் போட்ட நினைவில்லை. போட்டிருப்பேன்.

சாப்பிடும்போது ஷெரின் வீடியோவில் வந்தாள். தட்டைக் காட்டினேன்.

"அப்பாவா? நம்பவே முடியல. அம்மா, நெசமா?"

பியூலா மின்விசிறியைப் பார்த்தபடி, "ஒங்கப்பா என்ன சாதாரண ஆளா?" என்றாள்.

"அம்மா, கோட்டைத் தாண்டாத. இன்னொரு வாட்டி ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துடுவேன். பேச்சே கெடையாது."

ஆகஸ்டு 25, வெள்ளி

பியூலாவின் வலது மணிக்கட்டில் ஒரு சூட்டுக் காயம். கடுகளவில் நான்கைந்து புள்ளிகள். கஞ்சி தெறித்ததாம். களிம்பு தடவினேன். வத்தக்குழம்பு பிரமாதம்.

ஆகஸ்டு 29, செவ்வாய்

சாம்பார். நன்று.

செப்டம்பர் 1, வெள்ளி

ஒன்று இருபதுக்கு வந்தேன். பியூலா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"என்ன பியூலா?"

"ஒண்ணுமில்ல. தலையச் சுத்துச்சு, ஒக்காந்துட்டேன். வெயிலு."

"எத்தனை மணிக்கு?"

"யாரு கடிகாரத்தப் பாத்தா?"

நாடி பார்த்தேன், அறுபத்திரண்டு. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மறுபடி வந்தால் உடனே கூட்டிவரச் சொன்னார்கள். இல்லையென்றால் 7ஆம் தேதி கருவிப் பரிசோதனை இருக்கிறது, அப்போது பார்க்கலாம் என்றார்கள்.

படுக்க வைத்தேன். மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. அவள் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

ஆகஸ்டு 3க்குப் பிறகு பியூலாவின் பேஸ்மேக்கர் ஐந்து முறை துடிப்பை அனுப்பாமல் நின்றிருக்கிறது. ஆதாரம்: கருவியின் சொந்த நினைவகம். படித்துச் சொன்னவர் வியாழன்தோறும் மருத்துவமனைக்கு வரும் டெக்னீஷியன் ஆஷிக்.

நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்தார். திரையில் கோடுகள் ஓடின. அவர் இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பத்திரிகையின் செய்தி மேசையில் ஒருவர் செய்தியை இரண்டாம் முறை படித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"வெளியில இருந்து ஏதோ மின்சார இரைச்சல் வந்திருக்கு சார். கருவி அதை இவங்களோட சொந்தத் துடிப்புன்னு நெனச்சுடுச்சு. இதயம்தான் துடிக்குதே, நாம எதுக்குன்னு நின்னுடுச்சு. நாலு தடவை ரெண்டு, மூணு விநாடி. கடைசித் தடவை அஞ்சு விநாடி."

"அஞ்சு விநாடின்னா?"

"இவங்களுக்கு அஞ்சு விநாடின்னா மயக்கம். பத்து விநாடின்னா..." நிறுத்திக்கொண்டார்.

தேதியும் நேரமும் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்டு 14, 11.52
ஆகஸ்டு 22, 11.47
ஆகஸ்டு 25, 11.50
ஆகஸ்டு 29, 11.55
செப்டம்பர் 1, 11.49

"அந்த நேரம் என்னம்மா பண்ணிட்டு இருப்பீங்க?"

"டி.வி. பாத்துட்டு இருப்பேன்" என்றாள் பியூலா. கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல இண்டக்ஷன் அடுப்பு இருக்கா?"

அதற்கு நான் பதில் சொன்னேன். "இருக்கு. ஒன்பது மணிக்கு மேலே எரியாது. பிளக்கை நானே கழற்றிவிடுவேன். தினமும்."

"பக்கத்துல பெரிய மோட்டார், வெல்டிங்?"

"கிரில் பட்டறை. சுவரை ஒட்டி."

ஆஷிக் தலையசைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளியில காரணம் இருந்தா செட்டிங்க மாத்தி, அதைத் தவிர்த்தாப் போதும். வெளியில எதுவும் இல்லன்னா, உள்ளே போற வயர்ல கீறல் இருக்கலாம். கீறலும் இதே மாதிரிதான் காட்டும். இன்னைக்கு டெஸ்ட்ல நல்லாத்தான் இருக்கு, ஆனா அது விட்டு விட்டு வரும். அப்படின்னா மறுபடி திறந்து வயரை மாத்தணும். பெரிய டாக்டர் அடுத்த வியாழன் முடிவு பண்ணுவார். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிங்க சார்."

ஆட்டோ பாளையங்கோட்டை மார்க்கெட் தாண்டியதும் பியூலா, "வயர மாத்துறது முத வாட்டி மாதிரியேதானா?" என்று கேட்டாள்.

"அதைவிடக் கஷ்டம் என்றார். பழசை உருவ வேண்டும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

இசக்கிமுத்துவின் பட்டறைக்குக் காலை எட்டரைக்குப் போனேன். தேதிகள் எழுதிய தாளை நீட்டினேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பட்டறையில் வேலை பார்க்கும் இருவர் எழுந்து வெளியே போனார்கள்.

"தினமும் பதினொன்று ஐம்பதுக்கு உம்ம வெல்டிங் ஓடுது. அவ நெஞ்சு நிக்குது. இதை வச்சு நான் என்ன நினைக்க?"

இசக்கிமுத்து வெல்டிங் கண்ணாடியைக் கழற்றித் தாளை மெதுவாகப் படித்தார்.

"அண்ணாச்சி, தினமும் ஓடுதுன்னு நீங்களே சொல்லுதிய. அப்ப தினமும்லா நிக்கணும்? அஞ்சு நாள் மட்டும் ஏன்?"

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"ஆகஸ்டு இருபத்தி ரெண்டு நான் இங்க இல்ல. கோவில்பட்டில மச்சினன் மக கல்யாணம். பட்டறைய பூட்டிட்டுல்லா போனோம்? அன்னா தொங்குது பாருங்க பத்திரிகை."

சுவரில் கல்யாணப் பத்திரிகை ஆணியில் தொங்கியது. ஆகஸ்டு 22, செவ்வாய், காலை 9 முதல் 10.30. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஆதாரமாக எதிரே டீக்கடைக்காரரைக் கேட்டேன். அன்று பட்டறை பூட்டியிருந்தது உண்மை.

திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு நாள் நான் இல்லன்னா மத்த நாலு நாள் நானா இருக்கலாம்லா? யாரு கண்டா? அடுத்த வியாழன் வரைக்கும் மிசின்ன தொட மாட்டேன். அதுக்குள்ள வேற எதுவும் வருதான்னு பாருங்க. அக்காவுக்குன்னா ஒரு வாரம் என்ன?"

"வேலை இருக்குமே?"

"இரும்புக் கேட்டு ரெண்டு இருக்கு. இன்னும் ஆளுக குடிவராத வீட்டுக்கு. காத்திருக்கட்டும்."

செப்டம்பர் 9, சனி

பட்டறையில் சத்தம் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடத்தில், ஞாயிறும் விசேஷ நாட்களும் தவிர, இப்படி ஒரு காலை இருந்ததில்லை.

பியூலா இரண்டு முறை பின்பக்கச் சுவர் வரை போய் நின்றுவிட்டு வந்தாள்.

"இசக்கிக்கு உடம்பு சரியில்லையா?"

"உனக்காகத்தான் மூடியிருக்கிறார். வியாழன் வரைக்கும்."

"நீங்க போயி சண்டை போட்டியளா?"

"கேட்டேன்." கல்யாணப் பத்திரிகை, டீக்கடை விவரத்தையும் சொன்னேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். வெங்காயக் கூடையை எடுத்துக் கொட்டி, தேவையில்லாமல் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிட்ட பிறகு இந்த நோட்டை எடுத்தேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் வேறு என்ன நடந்தது, மின்தடை, மழை, விருந்தாளி, ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத்தான். எழுதியிருந்தது இது:

ஆகஸ்டு 14: எனக்கும் கை படிந்துவிட்டது.
ஆகஸ்டு 22: பெருங்காயம் போட்ட நினைவில்லை.
ஆகஸ்டு 25: பிரமாதம்.
ஆகஸ்டு 29: நன்று.
செப்டம்பர் 1: புளிக்குழம்பு. அதன் சுவை பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நினைவிருக்கிறது.

நோட்டை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எப்படிச் செய்தே? காட்டு."

"என்னத்த?"

"பியூலா."

பிறகு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்பின் பிளக் கழற்றியே இருந்தது. குழம்புப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்து, பாதி வட்டம் வெளியே தெரியும்படி இடது பக்கம் தள்ளினாள். அந்த இடைவெளியில் இரும்புக் கரண்டியைப் பாத்திரத்தோடு ஒட்டி வைத்தாள்.

"நீங்க போனப்புறம் பிளக்க மாட்டிக்கிடுவேன். பாத்திரம் பாதி இருந்தா அடுப்பு அணையாது. கரண்டியும் கூடச் சேந்து காயும். ஆனா ரொம்ப நேரம் ஆகும். விட்டா சரிஞ்சிரும், அதனால பிடிச்சுக்கிட்டே நிக்கணும்."

"எப்படி நிற்பே?"

நின்று காட்டினாள். வலது கையில் கரண்டிப் பிடி, இடது கை மேடையில் ஊன்றி. கடுகு எப்போது வெடிக்கும் என்று பார்க்கக் குனிந்தாள். தையல் போட்ட இடம் அடுப்புக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"செப்டம்பர் 1?"

"கடுகு வெடிச்சுது. கறிவேப்பிலை போடலாம்னு கை நீட்டினேன். கண்ணு இருட்டிட்டு வந்துது. எப்படியோ கரண்டியக் கொழம்புக்குள்ள கவுத்திட்டேன். அடுப்ப அணைச்சது நெனவு இல்ல, அணைச்சிருக்கேன். அப்புறம் படிக்கு வந்துட்டேன்."

"எண்ணெயோடு விழுந்திருந்தால்?"

"விழலல்லா."

"ஆஷிக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? வயரை மாற்றணும் என்று சொன்னார்களே? மறுபடி கிழிப்பார்களே பியூலா!"

"கிழிக்கட்டும்னுதான் இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "சொன்னா ஷெரின் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போயிருவா. அங்க அவ வீட்டு சமையக்கட்டுல ஆள் வச்சிருக்கா. இங்க நீங்க கோடு போட்டிருக்கிய. நெஞ்சுக்குள்ள ஒண்ணு எப்பத் துடிக்கணும்னு சொல்லுது. எனக்குன்னு ஒரு வேலைகூட இல்ல. வாரத்துல ரெண்டு நாள் அஞ்சு நிமிஷம் அங்கன நின்னேன். அவ்வளவுதான். ஆனா இசக்கி பட்டறைய மூடுவான்னு நான் கண்டேனா? காலைலேருந்து அந்தச் சத்தம் இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல. ஒங்ககிட்ட சொல்லத்தான் ஒக்காந்திருந்தேன்."

நான் எழுந்து கரண்டியை எடுத்து மேடையோரம் வைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "ஊர்ல யாரு என்ன சொன்னாலும் ரெண்டு பேருகிட்ட விசாரிக்கிற ஆளு நீங்க. கல்யாணப் பத்திரிகைய எறக்கிப் பாத்திய. டீக்கடையில போயி கேட்டிய. ஒங்க நாக்குல பட்ட கொழம்ப யாரு தாளிச்சான்னு எங்கிட்ட ஒரு வாட்டி கேட்டியளா?"

கேட்கவில்லை.

இதைச் சரியாக எழுத வேண்டும். ஆகஸ்டு 22 அன்று நான் பெருங்காயம் போடவில்லை. டப்பா காலி என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அவள் பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கிறாள். "போட்டிருப்பேன்" என்று எழுதியபோதே அது பொய் என்று தெரியும். ஆகஸ்டு 25 அன்று கஞ்சி வடித்தது நான்தான், அவளுக்கு எப்படித் தெறித்தது என்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் மறுநாளிலிருந்து என் குழம்பைத்தான் சாப்பிட வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆலயம் முடிந்ததும் பியூலாவே இசக்கிமுத்துவின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். போனோம். அவளே சொன்னாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு கரண்டிக்கா அக்கா நான் பட்டறைய பூட்டுனேன்? அடுத்த வாட்டி கொழம்பு எனக்கும் ஒரு சட்டி வரணும், சொல்லிட்டேன்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எண்ணெயோட விழுந்திருந்தா என்னக்கா ஆயிருக்கும்?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 11, திங்கள்

ஆஷிக்குக்குப் போன் செய்தேன். "வியாழக்கிழமை நான் கொடுத்த தகவல் தவறு. திருத்திக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினேன். கரண்டி, பாத்திரம் தள்ளியிருந்தது, அவள் நின்ற விதம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பியூலா பக்கத்திலிருந்து இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள்.

அவர் சொன்னது: "பாத்திரம் நடுவுல இல்லன்னா காந்தப்புலம் வெளியில சிந்தும் சார். கையில இரும்பு, நெஞ்சு ஒரு சாண்ல. காரணம் இதுவா இருக்க நல்ல வாய்ப்பு. ஆனா வயர் நல்லா இருக்குன்னு இதை வச்சு மட்டும் நான் சொல்ல மாட்டேன். வியாழன் வரைக்கும் அவங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது. இடையில ஏதாவது தோணுனா நேரத்தோட குறிச்சு வைங்க. அந்த நாட்கள்ல ஒண்ணுமே பதிவாகலன்னா வயர் தப்பிச்சுது."

ஷெரினிடமும் சொன்னோம். அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். கேஸ் திரும்ப வாங்கலாமா என்று கேட்டேன். பியூலா வேண்டாம் என்றாள். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறதாம். கோயம்புத்தூர் பேச்சை வியாழனுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று ஷெரின் ஒப்புக்கொண்டாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பாத்திரக் கடையில் அடி தட்டையான சின்ன வாணலி வாங்கினேன். காந்தம் ஒட்டியது. அடி ஐந்து அங்குலம், பிடி மரம். வட்டத்தின் நடுவில் வைத்தேன். அடுப்பு கத்தவில்லை.

இன்று முதல் தாளிப்பு அவள் சொல்லி நான் செய்வது. நாற்காலியைச் சமையலறைக்கு வெளியே நகர்த்தியிருந்தேன், அவள் அதில் இருந்தாள். பார்க்க முடியாது, காதால் கேட்டாள்.

"எண்ணெ காயல இன்னும். பொறுங்க. பொறுங்கன்னா! ம், கடுகு. மூடாதிய. இப்ப மத்தது. பெருங்காயம். அணைச்சிருங்க, அணைச்சிருங்க, கண்ணாடிச் சூட்டுலயே கறிவேப்பிலை பொரியும்."

கொட்டினேன். சோ என்று இரைந்தது.

"கருகலல்லா?"

"கருகல."

"அப்ப அரை மார்க்."

பிளக்கைக் கழற்றினேன். மணி ஒன்பது ஐந்து. பத்திரிகையில் ஒரு வாரம் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 13, புதன்

நேற்று காலை 11.50க்குப் பியூலாவுக்குக் கண் லேசாக இருட்டியது. ஆதாரம்: பியூலா.

நான் முன்னறையில் இருந்தேன். அவள் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை, பிளக் கழற்றியிருந்தது, நானே போய்ப் பார்த்தேன். திங்களன்றே மறுபடி திறந்துவிட்ட பட்டறையில் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்தே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"இப்பத்தான். ஒரு விநாடி. கட்டில்ல ஒக்காந்துட்டேன். எழுதிக்கிடுங்க."

நாடி அறுபது. நேரத்தை எழுதினேன். ஆஷிக்கிடம் சொன்னேன். பயமாகக்கூட இருக்கலாம், பயத்திலும் அப்படி வரும், மறுபடி வந்தால் அந்த நிமிடமே கிளம்பி வாருங்கள் என்றார். மறுபடி வரவில்லை. இன்று காலை வரையிலும் இல்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் நேற்று மாலை. "சொன்னதால வயர்னு ஆயிட்டா?"

"ஆகலாம்."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் இடது தோளுக்குக் கீழே, அந்த மேட்டின் மேல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அங்கே என்னைத் தொட விட்டதில்லை.

இன்னும் தெரியாதது: நேற்று 11.50க்குக் கருவி எதையாவது பதிவு செய்திருக்கிறதா. பதிவு இல்லையென்றால் செட்டிங் மட்டும் மாறும். இருந்தால் மறுபடி திறப்பார்கள். நாளை, வியாழன், காலை பத்து மணிக்குப் படிக்கிறார்கள். ஒன்பதரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.